வெயிலில் ஃபில் ஃபிளாஷ் சரிவராத போது: நெகட்டிவைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கிற சமயத்திலும், மறுபடி ஆவணி முதல் பாதியிலும், நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் ஒருவரைத் தெருவில் நிறுத்திப் படம் எடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும். சரி, வெயில் வேண்டாம் என்று முகப்புத் திண்ணைக்கு அழைத்து வந்தால் இன்னொரு சிக்கல்: ஆள் நிழலில், பின்னால் தெருவோ முற்றமோ கொளுத்துகிற வெயிலில், இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). இந்த இரண்டு இடத்திலும் கைகொடுப்பது ஒரு சின்ன ஃபிளாஷ், நிழலை நிரப்ப அடிப்பதால் அதற்கு ஃபில் ஃபிளாஷ் என்று பெயர். மேனுவல் பிலிம் கேமராவில் அதைப் பயன்படுத்தப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பிழை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பிடிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் ரோல் கழுவி வந்த பிறகுதான் பிழையே கண்ணில் படும்.

அடிப்படை இதுதான். ஒரே பிரேமில் இரண்டு எக்ஸ்போஷர் நடக்கிறது, அதாவது பிலிமில் இரண்டு வெளிச்சம் விழுகிறது. வெயிலின் எக்ஸ்போஷரை ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எஃப்/16 என்பது போல எண் பெரிதானால் துளை சிறிது) சேர்ந்து முடிவு செய்கின்றன. ஃபிளாஷின் எக்ஸ்போஷரை அப்பர்ச்சர், ஃபிளாஷின் சக்தி, ஃபிளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. ஷட்டர் வேகத்துக்கு அதில் பங்கே இல்லை, ஏனென்றால் ஃபிளாஷ் எரிந்து அணைவது சுமார் 1/1000 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஆக, பின்னணி கெட்டிருந்தால் ஷட்டர், அப்பர்ச்சர் பக்கம் தேடுங்கள். பின்னணி நன்றாக இருந்து முகம் மட்டும் கெட்டிருந்தால் தூரத்தையும் சக்தியையும் தேடுங்கள். கீழே சொல்லப்போகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒரு பக்கம்தான் போய் முடியும்.

முதலில் நெகட்டிவ், அப்புறம் ஸ்கேன்

லேபில் ஸ்கேன் எடுக்கும்போது மெஷின் ஒவ்வொரு பிரேமையும் தானாகவே ஒரு சராசரி வெளிச்சத்துக்கு இழுத்துவிடும். இரண்டு ஸ்டாப் ஓவரான படமும் சரியான படமும் வாட்ஸப்பில் வரும்போது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதை வைத்துக்கொண்டு பிழை தேடினால் தலைகால் புரியாது. நெகட்டிவ் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். போன் திரையை வெள்ளையாக வைத்து அதன் மேல் பிடித்துப் பாருங்கள்.

முதலில் பிலிம் ஓரத்தில் கம்பெனிக்காரர்கள் பதித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டப்பட்டவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஓர எழுத்து அழுத்தமாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் நீங்கள் கொடுத்த வெளிச்சம் போதவில்லை. ஓர எழுத்தே மங்கலாக இருந்தால் கழுவியதில் கோளாறு, ஃபிளாஷைக் குறை சொல்ல வேண்டாம். அதன் பிறகு பின்னணியைப் பாருங்கள், கடைசியாக முகம். நெகட்டிவில் எங்கே கறுப்பாக இருக்கிறதோ அங்கே வெளிச்சம் அதிகம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

முகத்தில் பாதிக்கு ஃபிளாஷ் விழுந்திருக்கிறது, மீதிப் பாதிக்கு விழவில்லை

இது சிங்க் வேகக் கோளாறு. அறைக்குள் எடுத்திருந்தால் ஸ்கேனில் ஒரு பட்டை சுத்தமாகக் கறுத்துப் போயிருக்கும், பார்த்தவுடனே பிடித்துவிடலாம். வெளியில் அப்படி இல்லை. ஃபிளாஷ் விழாத பட்டையிலும் பகல் வெளிச்சம் விழுந்திருப்பதால் அது கறுப்பாகத் தெரியாது, கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். நெற்றியும் கண்ணும் பளிச்சென்று இருக்கும், தாடைக்குக் கீழே நிழல் அப்படியே இருக்கும். மர நிழல் விழுந்திருக்கிறது போல என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். எல்லையைப் பாருங்கள். அது பிரேமின் விளிம்புக்கு இணையாக நேர்கோட்டில் ஓடினால், அதே ரோலில் மற்ற பிரேம்களிலும் அதே இடத்தில் ஓடினால், சந்தேகமே வேண்டாம்.

காரணம், இந்த கேமராக்களில் ஷட்டர் என்பது பிலிமுக்கு முன்னால் ஓடும் இரண்டு திரைகள். வேகம் கூடக்கூட முதல் திரை முழுதாக விலகும் முன்பே இரண்டாவது திரை புறப்பட்டுவிடும், அதாவது பிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணமே இருக்காது. முழுதாகத் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம்தான் சிங்க் வேகம். பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனன் ஏஇ-1 போன்று துணித்திரை பக்கவாட்டில் ஓடும் கேமராக்களில் அது 1/60. நிக்கான் எஃப்எம், யாஷிகா எஃப்எக்ஸ்-3 போன்று உலோகத் தகடு மேலிருந்து கீழே ஓடும் கேமராக்களில் 1/125. எஃப்எம்2-வில் முதலில் வந்த மாடலுக்கு 1/200, பின்னால் வந்ததற்கு 1/250. ஷட்டர் டயலில் அந்த எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும், அல்லது பக்கத்தில் எக்ஸ் என்றோ மின்னல் குறியோ போட்டிருக்கும்.

பக்கவாட்டுத் திரை கேமராவை ஆள்படத்துக்காக நட்டுக்குத்தலாகப் பிடித்தால் பட்டை படத்தின் மேலேயோ கீழேயோ வரும். உலோகத் தகடு கேமராவில் அதே பிடியில் இடது வலது பக்கம் வரும். வாங்கிய கேமராவில் எது என்று தெரியாவிட்டால் இதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

பிலிம் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, பழைய கேமரா வாங்குகிற எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து வையுங்கள், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஃபிளாஷை மாட்டி, மங்கலான அறையில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடியுங்கள். பின்னாலிருந்து கண்ணை வைத்துக்கொண்டு 1/60-ல் அமுக்குங்கள். செவ்வகம் முழுவதும் ஒரு வெள்ளை வெட்டு தெரிந்தால் சிங்க் சரி. 1/125, 1/250 என்று கூட்டிப் பாருங்கள், செவ்வகம் எந்த வேகத்தில் பாதியாக வெட்டுப்படுகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். 1/60-லேயே வெட்டுப்பட்டால் ஷட்டர் திரை சோர்ந்துவிட்டது, மெக்கானிக்கிடம் காட்டாமல் தீராது.

ஃபிளாஷ் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன், படத்தில் சுவடே இல்லை

லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தோ, பழைய 50 எம்எம் லென்ஸைத் திருப்பிப் பிடித்தோ நெகட்டிவில் கண்மணியைப் பாருங்கள். ஃபிளாஷ் பிலிமை எட்டியிருந்தால் இரண்டு கண்ணிலும் ஊசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருக்கும். ஃபிளாஷ் கண்ணில் மின்னிய இடம் அது, நெகட்டிவில் கறுப்பாக விழுகிறது. வெயில்படும் கண்ணில் வானத்தின் பிரதிபலிப்பும் விழும், ஆனால் அது அகலமாக, மேல் பக்கத்தில் இருக்கும். ஃபிளாஷ் புள்ளி சிறியது, கூர்மையானது.

புள்ளியே இல்லை என்றால் ஷட்டர் திறக்காத நேரத்தில் ஃபிளாஷ் எரிந்திருக்கிறது. மினோல்ட்டா எஸ்ஆர்டி 101, பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற கேமராக்களில் எஃப்பி என்று ஒன்றும் எக்ஸ் என்று ஒன்றுமாக இரண்டு துளைகள் இருக்கும். எஃப்பி பழைய காலத்து பல்புகளுக்கானது. பல்பு பற்றிக்கொண்டு முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும் என்பதால், திரை நகரும் முன்பே அதற்குச் சைகை போய்விடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷை அதில் செருகினால் அது உடனே எரிந்து முடிந்துவிடும், திரை அப்புறம்தான் திறக்கும். எக்ஸ் துளையில் செருகுங்கள். திரைக்குப் பதில் லென்ஸுக்குள்ளேயே இதழ்கள் திறந்து மூடும் பழைய லீஃப் ஷட்டர் கேமராக்களில் இதே வேலையைச் செய்யும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், எம், எக்ஸ் என்று போட்டிருக்கும். பை உரசலிலேயே அது எம் பக்கம் நகர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளி இருக்கிறது, ஆனால் நிழல் நிரம்பவில்லை என்றால் ஃபிளாஷ் அடித்திருக்கிறது, போதவில்லை. இங்கேதான் கணக்கு வருகிறது, பயப்படாதீர்கள், ஒரே ஒரு வகுத்தல்தான். ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். விவிட்டார் 285 ஃபிளாஷுக்கு ஐஎஸ்ஓ 100 பிலிமில் (ஐஎஸ்ஓ என்பது பிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம்) கைடு நம்பர் அடிக்கணக்கில் 120. பத்தடி தூரத்தில் ஆள் நின்றால் 120-ஐ 10-ஆல் வகுத்து 12, அதாவது எஃப்/11-க்குப் பக்கத்தில்.

ஆனால் அந்த 120 என்பது அறைக்குள் சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற இடத்துக்கான கணக்கு. பொட்டலில் அப்படித் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை, ஏறக்குறைய ஒரு ஸ்டாப் காணாமல் போகும். அதனால் ஊரணிக் கரையிலோ தேரோடும் வீதியிலோ எடுக்கும்போது 120-ஐ 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஃபிளாஷைச் செட்டிநாட்டு வீட்டின் நடுவே இருக்கும் வளவு முற்றத்தில் வைத்து அடித்தால் கதையே வேறு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவர்கள் நாலாபக்கமும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகின்றன, அங்கே பெட்டியில் போட்ட எண் ஏறக்குறைய அப்படியே வேலை செய்யும். ஒரே வீட்டில் தெருவாசலுக்கு ஒரு கணக்கு, முற்றத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வது செட்டிநாட்டில் கட்டாயம்.

இப்போது முழுக் கணக்கு. ஐஎஸ்ஓ 100 பிலிம், 1/125 சிங்க், நல்ல வெயில். வெயிலுக்கு எஃப்/16. ஃபில் ஃபிளாஷ் என்பது வெயிலைவிட ஒரு ஸ்டாப்பாவது குறைவாக இருக்க வேண்டும், ஆக ஃபிளாஷ் எஃப்/11-க்கு உரிய வெளிச்சம் கொடுத்தால் போதும். வெளியில் 85-ஐ 11-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எட்டடி. எட்டடிக்குள் நின்றால்தான் முழுச் சக்தியிலும் ஃபிளாஷ் எட்டும். குழுப் படம் என்று பதினைந்தடி தள்ளிப்போனால் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் போய்விடும், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். சின்ன ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் உச்சி வெயிலில் ஐந்தடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம், சாயங்காலம் எஃப்/5.6-க்கு இறங்கும்போது அதே ஃபிளாஷ் தாராளமாக எட்டும்.

முகம் நன்றாக இருக்கிறது, பின்னால் எல்லாம் வெளுத்துப் போச்சு

பின்னணி கெட்டிருக்கிறது, ஆகவே ஷட்டரும் அப்பர்ச்சரும். பெரும்பாலும் காரணம் பிலிம்தான். கையில் கிடைத்தது ஐஎஸ்ஓ 400 என்று அதையே போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கினால், வெயிலுக்குத் தேவை 1/500-ல் எஃப்/16. சிங்க் 1/60-ல் மாட்டிக்கொண்ட கேமராவில் அது எஃப்/45 ஆகிறது, உங்கள் 50 எம்எம் லென்ஸோ எஃப்/16-லோ 22-லோ நின்றுவிடும். இரண்டு மூன்று ஸ்டாப் ஓவர். கலர் நெகட்டிவ் இதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்கேனில் படம் வரும், ஆனால் வானமும் தெருவும் சோகை பிடித்தாற்போல் இருக்கும், கோபுரத்தின் சுதை வேலை, முகப்பு மேல் நிற்கும் பொம்மைகள் எல்லாம் கரைந்துபோய்விடும். செட்டிநாட்டில் எடுக்கிறோம் என்பதே பின்னணியில்தான் தெரிகிறது, அதை இழந்துவிட்டு எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என்ன செய்யலாம்? 1/60 கேமராவுக்கு வெளிப்புறத்தில் ஐஎஸ்ஓ 100 போடுங்கள். 200 வரை சமாளிக்கலாம். 400 மட்டுமே இருக்கிறது என்றால் லென்ஸில் என்டி8 என்ற சாம்பல் நிற ஃபில்டர் போடுங்கள், மூன்று ஸ்டாப் குறையும், உங்கள் பிலிம் ஐஎஸ்ஓ 50 பிலிம் போல நடந்துகொள்ளும். இதில் பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஃபில்டர் வெயிலையும் குறைக்கிறது, ஃபிளாஷையும் குறைக்கிறது. லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமரா மீட்டர் ஃபில்டரையும் சேர்த்துத்தான் அளக்கிறது, அதனால் கேமராவின் ஐஎஸ்ஓ டயலை 400-லேயே விட்டுவிடுங்கள். ஃபிளாஷுக்கோ ஃபில்டர் இருப்பது தெரியாது, ஆகவே ஃபிளாஷின் கணக்குப் பலகையில் மட்டும் 50 என்று வையுங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டருக்கும் இதே விதி, அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை தின்னும்.

யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. லீஃப் ஷட்டர் 1/500 வரை எந்த வேகத்திலும் முழுதாகத் திறக்கிறது, சிங்க் எப்போதும் சரியாக இருக்கும். வெயிலில் ஃபில் ஃபிளாஷ் அடிப்பதையே முக்கிய வேலையாக வைத்திருப்பவர் என்றால் வேறு கேமராவைத் தேட வேண்டாம் என்பேன்.

மீட்டரே ஏமாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. நிழலில் நிற்கும் ஆளை நேராக நோக்கி அளந்தால் மீட்டர் நிழலுக்கு எக்ஸ்போஷர் சொல்லும், பின்னால் இருக்கும் வெயில் வெடித்துவிடும். ஃபில் ஃபிளாஷுக்கு அளக்க வேண்டியது பின்னணியைத்தான். கேமராவை வெயில் விழும் தெருவை நோக்கித் திருப்பி அளந்து, அதைப் பூட்டிக்கொண்டு, அப்புறம் ஆளிடம் வாருங்கள்.

முகம் மாவு பூசியது போல, பின்னணி அந்தி நேரம் போல

ஃபிளாஷ் வெயிலை மிஞ்சிவிட்டது. நெகட்டிவில் முகம் கறுத்துக் கட்டியாக இருக்கும், பின்னணி மெலிந்திருக்கும். சக்தியைக் குறையுங்கள். விவிட்டார் 285-ல் பாதி, கால், பதினாறில் ஒரு பங்கு என்று குறைக்கும் வசதி உண்டு. அது இல்லாத ஃபிளாஷ் என்றால் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்பு மூடுங்கள், ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறையும். 50-க்குப் பதில் 105 அல்லது 135 எம்எம் லென்ஸைப் போட்டுக்கொண்டு பின்னால் போவது இன்னும் நல்லது, பிரேமில் முகம் அதே அளவு இருக்கும், ஃபிளாஷ் மட்டும் மெலியும், மூக்கும் பெரிதாகத் தெரியாது.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. வெயிலில் ஒன்றரை ஸ்டாப், திண்ணை நிழலில் ஒரு ஸ்டாப். ஃபிளாஷ் அடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் அது அதிகம். நம் ஊர் முகங்களுக்கு நிறம் உண்டு, அந்த நிறத்தை வெளுக்க வைப்பதற்காக ஃபிளாஷைக் கூட்டுகிற பழக்கம் கல்யாண வீடுகளில் வேரோடிக் கிடக்கிறது, அது முகத்தில் உள்ள சுருக்கம், மெருகு, வெயிலில் காய்ந்த தோலின் அழகு எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. நிழலைக் கொஞ்சம் திறந்துவிடுவதோடு ஃபிளாஷின் வேலை முடிந்தது. பவுடர் பூசிக்கொண்டு வருகிறவர்களிடம் பக்குவமாகச் சொல்லித் துடைத்துவிடச் சொல்லுங்கள், கறுத்த முகத்தில் வெள்ளைப் பவுடர் ஃபிளாஷில் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

ஒரே இடம், ஒரே தூரம், ஒரு படத்தில் ஃபிளாஷ் அதிகம், அடுத்ததில் குறைவு

ஆட்டோ மோடில் வைத்திருக்கிறீர்கள். ஆட்டோ ஃபிளாஷின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண், திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்த்துப் போதும் என்று அணைத்துவிடுகிறது. எதிரே வெள்ளை வேட்டி சட்டையில் ஐயா நின்றால் நிறைய வெளிச்சம் திரும்பும், சீக்கிரம் அணைத்துவிடும், முகம் இருளும். அவரே கறுத்த பர்மாத் தேக்குக் கதவுக்கு முன்னால் தள்ளி நின்றால் வெளிச்சம் திரும்பாது, கொட்டித் தீர்த்துவிடும். திறந்த வெளியில் பின்னணி வெகு தொலைவில் இருந்தாலும் இதேதான். அந்தக் கண்ணில் நேராக வெயில் விழுந்தாலும் கணக்குத் தப்பும்.

நிழலிலும் சாயங்காலத்திலும் ஆட்டோ நல்ல உதவி, அதை ஃபில்லுக்குப் பழக்க எளிய வழி இருக்கிறது: லென்ஸில் எஃப்/11 வைத்திருந்தால் ஃபிளாஷில் எஃப்/8 மோடைத் தேர்ந்தெடுங்கள், ஒரு ஸ்டாப் குறைவாக விழும். அல்லது ஃபிளாஷில் ஐஎஸ்ஓவை இரட்டித்துச் சொல்லுங்கள், பலன் ஒன்றுதான். உச்சி வெயிலில் மட்டும் மேனுவலுக்கு மாறிவிடுங்கள். எஃப்/16-க்குப் பல ஃபிளாஷ்களில் ஆட்டோ மோடே கிடையாது.

முகம் நீலம் பாய்ந்திருக்கிறது, சுற்றிலும் பொன்னிறம்

சாயங்கால வெயில் மஞ்சள், ஃபிளாஷ் நண்பகல் வெயிலின் நிறம், சுமார் 5500 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் ஒட்டாது. ஃபிளாஷ் முகப்பில் வெளிர் ஆரஞ்சு ஜெல் தாளில் ஒரு துண்டு ஒட்டுங்கள், கால் பங்கு சிடிஓ என்று கேட்டால் கிடைக்கும். அது இல்லாவிட்டால் மஞ்சள் கண்ணாடித்தாளே போதும்.

தாடைக்குக் கீழே மட்டும் சிவப்போ பச்சையோ ஏறியிருந்தால் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் முற்றத்து வெயில் விழுந்து, அந்தச் சிவப்பும் பச்சையும் அப்படியே மேலே எழும்பி முகத்தில் படும். வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல் பக்கம் நின்றாலும் இதே கதை, வெளியில் செம்மண் தரையும் விதிவிலக்கல்ல. பச்சைதான் முகத்துக்கு ஆகவே ஆகாது. ஃபிளாஷை அரை ஸ்டாப் கூட்டினால் சாயம் அடங்கும், இல்லையென்றால் ஆளின் காலடியில் பிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள், அது நிழலையும் பாதி நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை பிலிம் போடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நடுவில் வெள்ளை வெடிப்பு: கதவில், கண்ணாடியில், நகையில்

மெருகேற்றிய தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, வழவழப்பான சுவர்ப் பூச்சு, மூக்குக் கண்ணாடி, இவை எல்லாம் வெளிச்சத்தை வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் அனுப்புகின்றன. கேமராவின் தலையில் ஃபிளாஷை வைத்துக்கொண்டு கதவுக்கு நேரே நின்றால் வெடிப்பு நடுப்பிரேமில் விழுந்தே தீரும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து கதவைச் சாய்வாகப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவரிடம், "ஆச்சி, தாவாயைக் கொஞ்சம் இறக்குங்க, அப்படியே தெருப்பக்கம் பாருங்க" என்று சொன்னால் தீர்ந்தது.

நகை வேறு விஷயம். நகரத்தார் கல்யாணக் கழுத்தணியான கழுத்திரு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆச்சியை எடுக்கும்போது தங்கத்தில் நாலைந்து இடத்தில் சின்னதாகப் பொறி வருவது நல்லதுதான், அது இல்லாவிட்டால் தங்கம் பித்தளையாகத் தெரியும். நெகட்டிவில் அந்தப் பொறிகள் தனித்தனிக் கரும்புள்ளியாக இருந்தால் சரி. அவை ஒன்றோடொன்று கலந்து திட்டாகிவிட்டால், கம்பியின் பின்னலும் உருக்களும் அழிந்துவிட்டால் ஃபிளாஷ் நேரே விழுகிறது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, சிங்க் ஒயரால் இணைத்து, இடது கையால் மேலே தூக்கி ஒரு முழம் பக்கவாட்டில் பிடியுங்கள். பட்டுச் சேலையின் சரிகைக்கும் இதேதான். பருத்திக் கண்டாங்கி கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை, அந்த நெசவு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

நெற்றியில் வெடிப்பு என்றால் வேர்வை. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அமுக்குங்கள்.

காதுக்குப் பின்னால் கறுப்பு நிழல்

கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடிக்கும்போது ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது, நிழல் பின் சுவரில் ஒரு பக்கமாக விழுகிறது. ஆளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் கொண்டுவாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஃபிளாஷ் வரும்படி கேமராவைச் சாயுங்கள், நிழல் வெயிலில் கரைந்துவிடும்.

உருவத்தைச் சுற்றி இரண்டாவது விளிம்பு

கோலம் போடுகிற கை, ஓடுகிற குழந்தை. ஃபிளாஷ் ஒரு கணத்தை உறைய வைக்கிறது, 1/60-ல் திறந்திருக்கும் ஷட்டர் மீதி அசைவையும் வெயிலில் பதித்துவிடுகிறது. ஒரே கையில் கூர்மையான ஒன்றும் கலங்கிய ஒன்றும். சிங்க் வேகம் அதிகமுள்ள கேமரா, அல்லது அசையாமல் நிற்கச் சொல்வது, அல்லது அடர்ந்த நிழலுக்கு மாறிப் பகல் வெளிச்சத்தையே இரண்டு ஸ்டாப் குறைத்துவிடுவது. வேறு வழி கிடையாது.

ரோலின் தொடக்கம் சரி, போகப்போக முகம் இருள்கிறது

ஃபிளாஷ் முழுதாக நிரம்பும் முன்பே அடித்திருக்கிறீர்கள். பின்னால் எரியும் ரெடி விளக்கு, கொள்ளளவு முழுதாக நிரம்புவதற்கு முன்பே எரியத் தொடங்கிவிடும். விளக்கு எரிந்த பிறகும் இன்னும் அதே அளவு நேரம் காத்திருங்கள், குறிப்பாக பேட்டரி பழசானால். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 1.2 வோல்ட்தான் என்றாலும் சாதாரண ஆல்கலைனைவிட வேகமாக நிரப்பும், அதன் உள்மின்தடை குறைவு.

பல வருடம் அலமாரியில் கிடந்த ஃபிளாஷை எடுத்தால் நேராகப் படத்துக்குப் போகாதீர்கள். புது பேட்டரி போட்டு, விளக்கு எரியும் வரை விட்டு, சில நிமிடம் அப்படியே வைத்து, அப்புறம் முழுச் சக்தியில் சில முறை அடித்துப் பழக்குங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். நிரம்ப வழக்கத்தைவிட வெகுநேரம் ஆகிறது, சூடாகிறது, வாடை வருகிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம். கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் ஆபத்தானது.

ஃபிளாஷும் சரி, தூரமும் சரி, ஆனாலும் ரோல் முழுக்கப் பின்னணியும் முகமும் சேர்ந்தே இருண்டிருந்தால் கேமராவின் மீட்டர் பேட்டரியைச் சந்தேகியுங்கள். எஸ்ஆர்டி 101, ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை, இப்போது அது கிடைப்பதில்லை, 1.5 வோல்ட் போட்டால் பல கேமராக்களில் முள் இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும். வெயிலில் மீட்டரே தேவையில்லை: வேகம் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்து எண், அப்பர்ச்சர் எஃப்/16. மீட்டர் சொல்வதற்கும் இதற்கும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வந்தால் இந்தக் கணக்கை நம்புங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் வேகம், அப்பர்ச்சர், எத்தனை அடி, ஃபிளாஷ் எவ்வளவு சக்தி என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிலிம் இதையெல்லாம் நினைவில் வைத்திருக்காது, நெகட்டிவைக் கையில் பிடித்து மேலே சொன்னபடி பார்க்கும்போது அந்த நோட்டு பக்கத்தில் இருந்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.